இரண்டாம் முறை விழும் முன்

என் தாயாருக்கு அப்போது வயது 76. தந்தையார் மறைந்த பின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தில்லியில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். மயூர் விஹாரில் லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அவருக்கு இங்கே முதல் குளிர்காலம் அது. ஒரு நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். ஓடிப் போய்த் தூக்கிவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, தரை ஈரமா இருந்துச்சு" என்றார். நானும் நம்பினேன். அன்று மாலையே ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிக் குளியலறையில் போட்டேன். கடமை முடிந்தது என்று நினைத்துக் கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்து மீண்டும் விழுந்தார். இம்முறை கூடத்தில், தரை நன்றாக உலர்ந்தே இருந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவர் தமிழில் சொல்ல, நான் இந்தியில் சொன்னேன். "கால் வழுக்கி விழுந்துவிட்டார்" என்பதுதான் நான் சொன்னது. அம்மா சொன்னதோ வேறு: "எந்திரிச்சு நாலடி வச்சேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு." நோயின் பாதி வரலாறு என் மொழிபெயர்ப்பில் காணாமல் போயிற்று. கட்டுப் போட்டார்கள், வீட்டுக்கு வந்தோம். எலும்பு கூடிவிட்டது, விழுந்த காரணம் அப்படியே இருந்தது. பின்னர் முதியோர் மருத்துவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, அம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் என்னைச் சொல்ல வைத்த போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு இப்பொருளைப் பற்றித் தேடிப் படித்தவற்றையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் நம் சங்க அன்பர்களுக்கு ஒரு பாடமாகத் தருகிறேன். நம்மில் பலர் வீட்டிலும் ஊரிலிருந்து வந்த தாயோ, தந்தையோ, மாமியாரோ இருக்கிறார். நாமும் அந்த வயதை நோக்கித்தான் நடந்து கொண்டிருக்கிறோம்.

1. ஒருமுறை விழுவதும் பலமுறை விழுவதும்

65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார். 80 வயதுக்கு மேல் இது ஏறக்குறைய இருவரில் ஒருவர் என்றாகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் முதியோரே மிகுதி.

இதைப் படித்ததும், "வயதானால் விழுவது இயல்புதானே" என்று சொல்லத் தோன்றும். அது சரியன்று. 1989-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், முந்தைய ஆண்டில் ஒருமுறையேனும் விழுந்த, 60 வயது கடந்த 325 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே ஒரு முறை விழுந்தவர்களிடம் அழுத்தமான காரணம் அதிகம் தென்படவில்லை. ஒரு தடவை தடுக்கி விழுவது யாருக்கும் நேரலாம். ஆனால் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர்களிடம் சில அடையாளங்கள் தெளிவாக இருந்தன. நாற்காலியிலிருந்து எழச் சிரமம், அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்க இயலாமை, மூட்டு வாதம், பார்க்கின்சன் நோய், முந்தைய ஆண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ விழுந்திருப்பது, விழுந்து காயம் பட்டிருப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் எதுவும் இல்லாதவர் அல்லது ஒன்று மட்டும் உள்ளவர் 100 பேரில் 10 பேர் மீண்டும் மீண்டும் விழுந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களிலோ 69 பேர்.

இதன் பொருள் என்ன? முதல் தடவைக்குத் தரையைக் குறை சொல்லலாம். திரும்பத் திரும்ப விழுந்தால் காரணம் பெரும்பாலும் உடலிலோ மாத்திரைப் பெட்டியிலோ இருக்கிறது. அது தேடினால் கிடைக்கும். கிடைத்தால் பெரும்பாலும் சரி செய்யவும் முடியும்.

2. நாம் நிற்பது எப்படி?

இரண்டு கால்களில் நிற்பது எளிய செயல் அன்று. கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது. காதின் உட்பகுதி தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கிறது. பாதமும் மூட்டுகளும் தரை எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கின்றன. மூளை இம்மூன்றையும் கணப்பொழுதில் சேர்த்துப் பார்த்துத் தொடைக்கும் கணுக்காலுக்கும் கட்டளை இடுகிறது. இத்தனைக்கும் வேண்டிய இரத்தத்தை இதயம் தலைக்கு ஏற்றிக் கொண்டே இருக்க வேண்டும்.

இளமையில் ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடு கட்டும். இருட்டிலும் நாம் நடந்து விடுகிறோம் அல்லவா? முதுமையில் எல்லாமே சிறிது சிறிதாகக் குறைவதால் அந்த ஈடு கட்டும் வலிமை போய்விடுகிறது.

3. காரணிகள்

கால் வலிமை: உட்கார்ந்தே இருப்பவரின் தொடைத் தசை விரைவில் மெலிகிறது. ஊரில் கிணற்றடி, கொல்லை, கடைத்தெரு, கோயில் என்று நடந்தவர் இங்கே இரண்டாம் மாடி வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்து விடுகிறார். மாடி இறங்கத் துணை வேண்டும்; வெளியே போனால் மொழி தெரியாது. ஆறே மாதத்தில் கால் தளர்ந்துவிடுகிறது.

எழும்போது இரத்த அழுத்தம் இறங்குதல்: படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால் பக்கம் இறங்கும். உடல் உடனே இரத்தக் குழாய்களைச் சுருக்கி அதைச் சரி செய்ய வேண்டும். முதுமை, சர்க்கரை நோய், சில மாத்திரைகள் ஆகியவற்றால் அது தாமதமாகும், கண் இருட்டும். சாப்பிட்டு எழும்போதும் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு. தாகம் எடுக்காத குளிர்நாளில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் இது இன்னும் மோசமாகும்.

மாத்திரைகள்: தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவை முதலிடம் பெறுவன. இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியவையும் எழும்போது அழுத்தத்தை இறக்கலாம். தில்லியின் புகைமூட்ட நாட்களில் நாமாகவே கடையில் வாங்கித் தரும் ஜலதோஷ மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் பல, தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தருவன. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், சஷ்டி, ஏகாதசி என்று பட்டினி இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.

கண்: கண்புரை முற்றினால் படியின் விளிம்பு தெரியாது. தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே கண்ணாடியாக இருக்கும் பைஃபோகல் அணிந்து படி இறங்கும்போது, கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பதால் படி மங்கலாகத் தெரியும். பலர் விழுவது இதனால்தான்.

காது: படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ வீடே சுற்றுவது போல் இருந்தால், அது உட்காதில் ஏற்படும் ஒரு கோளாறாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் எளிய சிகிச்சையே பலருக்குப் போதும்.

பாதம்: சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போகும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 வைட்டமின் குறைந்து இதே நிலை வரலாம். கண்ணை மூடினால் தள்ளாடுபவரைக் கவனியுங்கள். கால் ஆணி, வளர்ந்த நகம், தேய்ந்த ஹவாய் செருப்பு எல்லாமே கணக்கில் சேரும்.

கவனமும் மறதியும்: 1997-இல் வந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று சுவையானது. முதியோர் விடுதி ஒன்றில் 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சுத் தொடங்கியதும் 12 பேர் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் அவர்கள். எனவே பாட்டி நடக்கும்போது அடுத்த அறையிலிருந்து கூப்பிடாதீர்கள்.

சிறுநீர் அவசரம்: இரவில் மூன்று நான்கு முறை எழுபவர், தூக்கக் கலக்கத்தில் அவசரமாக நடக்கிறார். விளக்குப் போட்டால் பேரன் விழித்து விடுவான் என்று இருட்டிலேயே போகிறார்.

வீடு: ஈரக் குளியலறை, உயர்ந்த நிலைப்படி, தரையில் ஓடும் மின் கம்பி, மடிந்த விரிப்பு, கைப்பிடி இல்லாத படிக்கட்டு. தில்லிக் குளிருக்கென்றே இன்னும் சில உண்டு: மொசைக் தரையில் வழுக்கும் கம்பளிக் காலுறை, காலில் சுற்றிக் கொள்ளும் ரஜாய், தரையில் புரளும் சால்வை, காலை ஏழு மணிக்கும் விலகாத மூடுபனி.

அச்சம்: ஒருமுறை விழுந்தவர் பயந்து நடையைக் குறைக்கிறார். நடை குறைந்தால் கால் மேலும் தளரும். தளர்ந்தால் மறுபடி விழுவார். பயமே அடுத்த விழுதலுக்கு வழி செய்கிறது.

4. கூட்டல் கணக்கு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் மேரி டினெட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 336 பேரை ஓராண்டு கவனித்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். தூக்கம் தரும் மருந்து, நினைவாற்றல் குறைவு, காலின் பலவீனம், நடைத் தள்ளாட்டம், பாதக் கோளாறு முதலிய காரணிகளை எண்ணினார்கள். காரணி ஏதும் இல்லாதவர்களில் 100-க்கு 8 பேர் விழுந்தார்கள். நான்கும் மேலும் உள்ளவர்களில் 100-க்கு 78 பேர். காரணி ஒவ்வொன்றாகக் கூடக் கூட ஆபத்தும் படிப்படியாக ஏறியது.

இதில் நமக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. கூட்டல் கணக்கானால் கழித்தலும் உண்டு. எல்லாவற்றையும் போக்க முடியாவிட்டாலும் ஒன்றிரண்டைப் போக்கினாலே ஆபத்து இறங்கும்.

அம்மாவின் கணக்கு இது: எழும்போது அழுத்தம் இறங்கியது, ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தார், வலக் கண்ணில் கண்புரை, தொடை மெலிவு. ஆக நான்கு. நான் வாங்கிய ரப்பர் விரிப்பு இந்த நான்கில் ஒன்றையும் தொடவில்லை.

5. வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள்

சோதனையின்போது ஒருவர் அருகில் நிற்க வேண்டும்.

அ) கைகளை மார்பின் குறுக்கே கட்டிக் கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டால் கால் வலிமை போதாது.

ஆ) நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை.

இ) ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். 10 நொடி நிற்க இயலாவிட்டால் சமநிலை குறைந்திருக்கிறது.

ஈ) ஐந்து நிமிடம் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20-க்குக் குறையாமலோ, கீழ் எண் 10-க்குக் குறையாமலோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது. அம்மாவுக்கு உட்கார்ந்த நிலையில் எப்போதும் சரியாகவே இருந்து வந்தது.

6. தடுக்கும் வழிகள்

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: டினெட்டி குழுவினர் 1994-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 301 பேரில் ஒரு பகுதியினருக்கு மருந்தைச் சீர்திருத்தி, உடற்பயிற்சி தந்து, வீட்டையும் பழக்கங்களையும் திருத்தினார்கள். ஓராண்டில் இவர்களில் 100-க்கு 35 பேர் விழுந்தார்கள். மற்றவர்களில் 47 பேர்.

பயிற்சி: நியூசிலாந்தில் 80 வயதும் அதற்கு மேலும் உள்ள 233 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வு 1997-இல் வந்தது. பாதிப் பேருக்கு வீட்டிலேயே கால் வலிமைக்கும் சமநிலைக்கும் பயிற்சி கற்றுக் கொடுத்தார்கள். ஓராண்டில் பயிற்சி செய்தவர்கள் மொத்தம் 88 முறை விழுந்தார்கள். செய்யாதவர்கள் 152 முறை. பயிற்சிகளும் கடினமானவை அல்ல: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக் கொண்டு குதிகாலை உயர்த்துவது, பக்கவாட்டில் நடப்பது போன்றவை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை கற்றுக் கொண்டு, பின் விடாமல் செய்ய வேண்டும். வெறும் நடை மட்டும் போதாது.

மாத்திரை: வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். "இதில் எது இன்னும் தேவை?" என்று கேளுங்கள். தூக்க மாத்திரையையோ அழுத்த மாத்திரையையோ நாமாக நிறுத்தக் கூடாது. பல ஆண்டு எடுத்த தூக்க மாத்திரையைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

கண்: இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயது கடந்த பெண்களிடம் செய்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், முதல் கண்ணின் புரையைக் காத்திருக்காமல் விரைவில் நீக்கியவர்களுக்கு விழும் வீதம் 34 சதவீதம் குறைந்தது. "பனிக்காலம் போகட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

வைட்டமின் டி: குறைவு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். மிகுந்தால் நன்மை என்று எண்ண வேண்டாம். 2010-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை மிகப் பெரிய அளவாக எடுத்த மூதாட்டியர் மற்றவர்களைவிட அதிகமாகவே விழுந்தார்கள்.

எழும் முறை: படுக்கையிலிருந்து எழுந்ததும் இரண்டு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டி, பிறகு நிற்க வேண்டும். நின்ற இடத்தில் சிறிது பொறுத்துத்தான் நடக்க வேண்டும்.

வீடு: குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பி, குளிக்க உறுதியான பிளாஸ்டிக் ஸ்டூல், படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, பின்பட்டை உள்ள வழுக்காத செருப்பு. ரப்பர் விரிப்பும் இருக்கட்டும். அது மட்டும் போதாது என்பதே என் பாடம். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நேராக நிற்கும்போது அதன் பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும்.

7. விழுந்துவிட்டால்

கையைப் பிடித்து உடனே இழுத்துத் தூக்காதீர்கள். முதலில் பேசச் சொல்லுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பி இருந்தாலோ, இடுப்பில் கடும் வலி இருந்தாலோ அசைக்காமல் 112-ஐ அழையுங்கள். காயம் இல்லையெனில், பக்கவாட்டில் புரண்டு, முழங்காலிட்டு, உறுதியான நாற்காலியைப் பிடித்துத் தாமாக எழச் செய்யலாம்.

தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவரானால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தலைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து பல நாள், சில வாரம் கழித்தும் தொல்லை தரலாம். தலைவலி, புதிய குழப்பம், மிகுந்த தூக்கம் தோன்றினால் அந்தப் பழைய அடியை மருத்துவரிடம் நினைவுபடுத்த வேண்டும்.

8. மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

நம் பெரியவர்களுக்கு இவ்வூரில் நாமே நாக்கு. ஆகவே போவதற்கு முன் அவர்களிடம் நிதானமாகக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக் கொள்ளுங்கள்:

1. விழும் முன் என்ன செய்து கொண்டிருந்தீர்கள்?
2. கண் இருட்டியதா, தலை சுற்றியதா, கால் மடங்கியதா, தடுக்கியதா?
3. தரையில் விழுந்த கணம் நினைவிருக்கிறதா? இல்லையென்றால் மயக்கமாக இருக்கலாம். இதயத்தைச் சோதிக்க வேண்டும்.
4. எந்நேரம்? எந்த மாத்திரை எடுத்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது?
5. இதற்கு முன் எத்தனை முறை? எங்களிடம் சொல்லாமல் விட்டவை உண்டா?

ஐந்தாம் கேள்விதான் முக்கியமானது. அம்மாவிடம் அதைக் கேட்டபோது, நான் அறிந்த மூன்றுக்கு முன்னால் ஊரிலேயே இரண்டு முறை விழுந்திருந்தது தெரிய வந்தது. "ஏம்மா சொல்லல?" என்றேன். "சொன்னா கோயிலுக்குப் போகாத, மாடி இறங்காதன்னு உக்கார வச்சிருவியேன்னுதான்" என்றார். விழுந்ததைச் சொல்பவரைத் திட்டினால், அடுத்த முறை சொல்ல மாட்டார்.

மருத்துவர் தூக்க மாத்திரையை மூன்று மாதத்தில் படிப்படியாக நிறுத்தினார். அழுத்த மாத்திரையின் அளவை மாற்றினார். கண்புரை அகற்றப்பட்டது. காலையும் மாலையும் சமையல் மேடையைப் பிடித்துக் கொண்டு பயிற்சி நடக்கிறது. முதலில் பேத்தி எண்ணிக்கை சொன்னாள், இப்போது அம்மாவே சொல்லிக் கொள்கிறார். அதற்குப் பின் ஒருமுறை விழுந்தார். அன்று மாலைக்குள் தாமாகவே என்னிடம் சொன்னார். எலும்பு கூடியதைவிட அதையே நான் பெரிய முன்னேற்றமாக நினைக்கிறேன்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போனோம். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக் கொண்டு, என் தோளைப் பிடித்தபடி படியேறினார். ஏறும்போது நான் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

அன்பர்களே, இன்று இரவு உணவுக்குப் பின் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அந்த ஐந்தாம் கேள்வியைக் கேளுங்கள். விடை என்னவாக இருந்தாலும் கோபித்துக் கொள்ளாதீர்கள்.